சென்னியம்மாள் வைத்த ஓரக்கரை

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பெண் போர்வை தைத்தே தன் புருஷனை அண்ணனாக்கிவிட்டாள் என்று பினாங்கில் என்னிடம் ஒருவர் சொன்னார். அவர் அதைக் கப்பலில் கேட்டாராம். கப்பலில் சொன்னவர் கரூர்க்காரர். பெரியநாயக்கன்பாளையம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாதாம். கடல் தாண்டி வருகிற ஊர்ச் செய்தி இப்படித்தான், பாதி உப்பில் கரைந்தும் பாதி ஊறிப் பெருத்தும் வந்து சேரும். கேட்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. ஏனென்றால் அந்தப் பெண் எனக்குத் தெரிந்த சென்னியம்மாளாக இருந்தால், செய்தியில் பாதியாவது உண்மையாக இருக்கும்.

நல்லவேளையாக, பினாங்கில் எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருப்பவர் ஜாஹிதாவின் தம்பி. ஜாஹிதா சென்னியம்மாளுக்குப் பக்கத்து வீடு. தம்பி அப்போதுதான் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார். கேட்டதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், வாடிக்கைக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு போகும்வரை நிறுத்தவில்லை.

சென்னியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் அங்கப்பன் சொந்தத் தோட்டத்தில் கம்போடியாப் பருத்தி போடுகிறவர். மகள் ராசாத்தாள் ஒருத்திதான். வீட்டில் பஞ்சுக்குக் குறைவில்லை. ஆனால் விலைக்குப் போகிற பஞ்சைப் போர்வைக்குள் அடைப்பதா என்று அங்கப்பன் கேட்பார். அதனால் சென்னியம்மாள் துணிமேல் துணி வைத்தே தைத்தாள். அடியில் பழைய வேட்டிகள், மேலே தையற்கடைத் துண்டுகள். நூலை இரட்டையாகக் கோத்து, ஊசியைத் தலைமுடியில் ஓர் இழுப்பு இழுத்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு, அரிசி அரிசியாகத் தையல் போடுவாள். ஒன்று முடிய ஒரு பருத்திக் காலம் ஆகும். ஊரில் அதற்கு ஒட்டுத் துப்பட்டி என்று பெயர். மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, மயில்கழுத்து, மிளகாய்ப்பழச் சிவப்பு என்று அதை வேலிமேல் வெயிலுக்கு விரித்தால், மேட்டுப்பாளையம் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள்.

துண்டுகள் ஜாஹிதாவிடமிருந்து வந்தன. அவள் வீட்டிலேயே மிஷின் போட்டுச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் ரவிக்கையும் சட்டையும் தைத்தாள். வெட்டி மிஞ்சியதைக் கொடுக்கும்போது இன்னார் வீட்டுத் துணி என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் சென்னியம்மாள் வாங்கமாட்டாள். ஓரக்கரைகள் கோயமுத்தூர் நெசவு மில்லிலிருந்து வந்தன. துணியின் இரண்டு ஓரத்திலும் இறுக்கமாக நெய்த பட்டையை அரிந்து கட்டுக்கட்டாக வெளியே தள்ளுவார்கள். மற்றவர்கள் அதைக் கட்டில் நாடாவாகப் பின்னினார்கள், கன்றுக்குட்டியைக் கட்டினார்கள். சென்னியம்மாள் வேறு காரியத்துக்கு வைத்துக்கொண்டாள்.

அந்தக் காரியம் புரிய வேண்டுமானால் கூட்டம் என்பது தெரிய வேண்டும். எங்கள் பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் கல்யாணப் பேச்சை எடுத்தால் முதல் கேள்வி, "என்ன கூட்டமுங்க?" என்பதுதான். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பெண் தங்கச்சி முறை. அதோடு பேச்சு முடிந்தது, காப்பி குடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான், மேலே பேசலாம்.

சென்னியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. துண்டுகளை அடையாளம் வைத்துக்கொள்ள, அவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து மூட்டை கட்டினாள். காடைக் கூட்டத்து மூட்டை ஒன்று, ஆந்தைக் கூட்டத்து மூட்டை ஒன்று, கண்ணன் கூட்டத்துக்கு ஒன்று. ஆரம்பத்தில் இது வெறும் சௌகரியம். பிறகு ஒருநாள் இரண்டு காடைக் கூட்டத் துண்டுகளை அருகருகே வைத்துத் தைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். சோறு இறங்கவில்லை. எழுந்து போய்த் தையலைப் பிரித்துவிட்டு வந்துதான் சாப்பிட்டாள். அன்றிலிருந்து அவளுடைய போர்வையில் பங்காளித் துணியோடு பங்காளித் துணி சேராது. மாமன் பக்கத்தில் மச்சான், மச்சான் பக்கத்தில் மாமன். வேறு வழியே இல்லாமல் இரண்டு பங்காளிகள் பக்கத்தில் வந்துவிட்டால், நடுவே ஓரக்கரையை வைத்துத் தைத்துவிடுவாள். வயலுக்கு நடுவே வரப்பு மாதிரி. அவளும் அதை வரப்பு என்றுதான் சொன்னாள். ஜாஹிதா வீட்டுத் துணிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது யார் பக்கத்திலும் நிம்மதியாக உட்காரும்.

இது மெல்ல வெளியே தெரிந்தது. கல்யாணத்துக்குப் பெண் வைத்திருப்பவர்கள் மோர் கேட்கிற சாக்கில் வந்து, வேலிமேல் கிடக்கும் போர்வையில் தங்கள் வீட்டுத் துணி யார் வீட்டுத் துணியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு கல்யாணம் அப்படியே நடந்தும் விட்டது. பிறகு, உறுதி வார்த்தை பேசுவதற்கு முன்னால் மாப்பிள்ளைத் துணியும் பெண் துணியும் நடுவில் வருகிற மாதிரி ஒரு துப்பட்டி தைத்து வாங்கிக்கொள்வது பக்கத்து ஊர்களில் பழக்கமாகவே ஆகிவிட்டது. சென்னியம்மாளுக்கு இதில் உள்ளூரச் சந்தோஷம். கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பதில் சண்டை போட்டுக் கோர்ட்டுக்குப் போன மாமனையும் மச்சானையும் ஒரு போர்வையின் காலடியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தைத்து, விவரம் கேட்டவர்களிடம், "வக்கீல் செலவில்லாம சேத்திப்போட்டனுங்க" என்றாளாம்.

இப்படி ஊருக்கெல்லாம் துணி சேர்த்தவளுக்குத் தன் வீட்டில்தான் சிக்கல் வந்தது.

கோயமுத்தூரில் பஸ் விடுகிற அப்புசாமி ராசாத்தாளைப் பெண் கேட்டார். மனைவி இறந்து இரண்டு வருஷம். சொந்தக் கார், ஆபீசில் டெலிபோன், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்பு அல்பாக்கா கோட்டு. அவர் ஆந்தைக் கூட்டம், அங்கப்பன் காடைக் கூட்டம். முறையில் எந்தக் குற்றமும் இல்லை. அதற்கு மேலே, அப்புசாமியும் சென்னியம்மாளும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் வழி. வயதில் அவர் மூத்தவர், மீசை நரைத்தாயிற்று. ஆனால் முறைப்படி அவர் அவளுக்குத் தம்பி. "அக்கா, சௌக்கியமுங்களா?" என்று அவர் காரிலிருந்து இறங்கும்போதெல்லாம் சென்னியம்மாளுக்குத் தன் தலையில் நரை முளைத்துவிட்ட மாதிரி இருக்கும். அக்கா மகளைக் கட்டிக்கொள்ளத் தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா என்று அங்கப்பன் சொன்னார்.

அங்கப்பன் மயங்கியது காரில்கூட இல்லை, டெலிபோனில். ஊரில் டெலிபோன் இருந்த ஒரே இடம் பருத்திக்கொட்டை பிரிக்கிற ஜின்னிங் பேக்டரி ஆபீஸ். அப்புசாமி கோயமுத்தூரிலிருந்து அங்கே கூப்பிட்டு, மச்சானை வரச் சொல்லுங்கள் என்பார். கணக்குப்பிள்ளை வேங்கடசாமி நாயுடு ஆள் அனுப்புவார். அங்கப்பன் ஏரை அப்படியே நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காட்டைக் கடந்து ஓடுவார். போய் எடுத்தால், "சாப்பிட்டாச்சுங்களா மச்சான்?" என்று கேட்பார் அப்புசாமி. சாப்பிட்டாயிற்று என்று அங்கப்பன் கோயமுத்தூர் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார். அவ்வளவுதான் பேச்சு. அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு களை இருக்கும்.

ராசாத்தாள் ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். அம்மாவுக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே, "அவரு பையனுக்கும் எனக்கும் ஒரே வயசாமா" என்றாள். பிறகு ஊசியைக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். சென்னியம்மாள் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். மறுபடி சொன்னாள். உன் தம்பிதானே என்றார். மூன்றாவது தடவை அவள் சொல்லவில்லை.

வழக்கப்படி மாப்பிள்ளைத் துணி வந்தது. அப்புசாமி தன் அல்பாக்காக் கோட்டில் மிஞ்சிய துண்டை பஸ் கண்டக்டரிடம் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பியிருந்தார். ராசாத்தாளின் மாம்பழ மஞ்சள் ரவிக்கைத் துண்டும் தயார். கார்த்திகை முடிவதற்குள் பார்க்க வந்தார்கள். அப்புசாமியோடு அவருடைய பெரியப்பா நஞ்சுண்டனும் வந்தார். கூட்டம், முறை என்று வந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். சென்னியம்மாள் கட்டிலில் துப்பட்டியை விரித்தாள். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நஞ்சுண்டன் மட்டும் குனிந்து, நடுவில் விரலை வைத்துத் தடவினார். கறுப்புக் கோட்டுத் துண்டுக்கும் மஞ்சள் ரவிக்கைத் துண்டுக்கும் நடுவே, மேலிருந்து கீழாக, நீலக்கோடு போட்ட ஓரக்கரை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனம்மணி, இங்கெதுக்கு வரப்பு?"

"துணி பத்தலீங்க பெரியப்பா."

அவளுக்குப் பின்னால் சுவர் உயரத்துக்குத் துணி மூட்டைகள் இருந்தன. நஞ்சுண்டன் அவற்றையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். சென்னியம்மாள் காப்பி கொண்டுவரப் போய்விட்டாள்.

அவள் அதற்குமேல் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முறையைப் பற்றிப் பொய் சொன்னாள் என்று அவள்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது. மற்றதையெல்லாம் அவர்களே செய்துகொண்டார்கள். இவள் தெரியாமல் வைக்கமாட்டாள் என்றார் நஞ்சுண்டன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தவருக்கு ஏதோ நினைவு வந்துவிட்டது. அந்தக் கொள்ளுத்தாத்தா பெற்ற பிள்ளை இல்லை, கொடுமுடிப் பக்கத்திலிருந்து தத்து வந்தவர் என்று சின்ன வயதில் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாராம். எந்தக் கூட்டத்துப் பிள்ளை என்று யாரும் சொல்லவில்லையாம். ஒருவேளை காடைக் கூட்டமாக இருந்தால் அப்புசாமியும் அங்கப்பனும் பங்காளி. கொடுமுடிக்குப் போய்ப் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டு மேலே பேசலாம் என்று எழுந்தார். காப்பி ஆறிப்போயிற்று. அப்புசாமி முதல் தடவையாக அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறினார்.

அன்று சாயங்காலம் சென்னியம்மாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தைத்ததை ஜாஹிதா பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். ஜாஹிதாவுக்குக் கூட்டமும் கிடையாது, வரப்பும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, ஊரில் யாருக்கும் தோன்றாத கேள்வி அவளுக்குத் தோன்றியது.

"ஏனக்கா, அந்தக் கார்க்காரர் உங்களுக்குத் தம்பி. அவரும் உங்க வீட்டு அண்ணனும் பங்காளின்னா, அண்ணன் உங்களுக்கு என்ன முறை வேணும்?"

சென்னியம்மாளின் ஊசி நின்றுவிட்டது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தன்னைக் காடைக் கூட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்குப் புருஷன் கூட்டம்தானே கூட்டம். தன் பழைய ரவிக்கைத் துண்டுகளைக்கூடக் காடைக் கூட்டத்து மூட்டையில்தான் கட்டி வைத்திருந்தாள். ஊரில் எந்த வீட்டுக்கு எந்தக் கூட்டம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்; தான் பிறந்தது ஆந்தைக் கூட்டம் என்பது மட்டும் கணக்கில் வராமல் போய்விட்டது. கொள்ளுத்தாத்தா காடை என்றால், அவர் வழியில் பிறந்த அவளும் பிறப்பிலேயே காடைதான். மகளுக்குப் போட்ட வரப்பு நேராக வந்து தன் கட்டிலுக்கு நடுவில் விழுந்துவிட்டது.

கைகால் கழுவிக்கொண்டு வாசலில் நின்றிருந்த அங்கப்பன் இதைக் கேட்டுவிட்டார். அவர் முறை தவறாதவர். கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு பருத்திக் கொட்டகைக்குக் குடிபோனார். கொடுமுடிச் சேதி வரும்வரை அதுதான் மரியாதை என்றார்.

ஊருக்கு இது போதாதா. ஜின்னிங் பேக்டரி வாசலில் வண்டிக்காரர்கள் அவரை, தங்கச்சி சௌக்கியமா என்று கேட்டார்கள். ராசாத்தாள் தன் பங்குக்கு, இனி அப்பாவை மாமா என்று கூப்பிட வேண்டுமா என்று கேட்டாள். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் அங்கப்பனுக்குப் பெண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. இத்தனை வருஷமாக 'இந்தா' என்று கூப்பிட்டவர், கூடப்பிறந்தவளைக் கூப்பிடுகிற மாதிரி, "கொஞ்சம் ரசம் ஊத்து அம்மணி" என்றார். சென்னியம்மாளுக்கு அது பிடித்துப்போய், ரசம் இருந்தும் ஊற்றாமல் இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.

மலைக்காற்று இறங்கி, பருத்திக் கொட்டகையில் குளிர் தாங்கவில்லை. சென்னியம்மாள் மகளிடம் ஒரு துப்பட்டியைக் கொடுத்தனுப்பினாள். அங்கப்பன் அதை விரித்து, மூலை மூலையாகப் பார்த்தார். "எல்லாரும் மாமன் மச்சான்தானுங்கப்பா, தைரியமா போத்துங்க" என்றாள் ராசாத்தாள்.

ஆனால் சிரிப்பு எத்தனை நாளைக்கு. ஒரு மத்தியானம் ஜாஹிதா சொன்னாள், சும்மா வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அண்ணன் கட்டிலோடு திரும்பி வந்துவிடுவாரே என்று. சொன்னால் தை மாசம் முகூர்த்தம் வைத்துவிடுவார்கள் என்றாள் சென்னியம்மாள். சொல்லாவிட்டால்? ஜாஹிதா விடவில்லை. சொல்லாமல் இருந்து, கொடுமுடிக்காரர்கள் ஆமாம், தத்துப் பிள்ளை காடைக் கூட்டம்தான் என்று சொல்லிவிட்டால்? சென்னியம்மாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைக்கும்போது பாடுவதை அவள் நிறுத்தியிருந்தாள்.

அங்கப்பனும் ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"தெரிஞ்சு வெச்சயா, தெரியாம வெச்சயா?"

"துணி பத்தலைன்னு அன்னிக்கே சொன்னனுங்களே."

அவர் மூட்டைகளைப் பார்த்தார். பிறகு, அல்பாக்கா கோட்டுக்காரரின் பையனுக்கு நிஜமாகவே ராசாத்தாள் வயதுதானா என்று கேட்டார். ரெண்டு மாசம் மூப்பு என்றாள் சென்னியம்மாள். அவர் எழுந்து கை கழுவப் போனார். தண்ணீரை வெகு நேரம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

நஞ்சுண்டன் கொடுமுடிக்குத் தானே போயிருந்தார். அவருக்கு அவருடைய பயம்: அவர் மனைவியும் காடைக் கூட்டம். காவேரிக் கரையில் யார் யாரையோ பார்த்து, ஏதேதோ கேட்டுத் திரும்பினார். அதன்பிறகு அப்புசாமியிடமிருந்து பஸ் கண்டக்டர் மூலம் சேதி வந்தது. கொடுமுடியில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். என்ன சொன்னார்கள் என்பதை வெள்ளிக்கிழமை காலையில் டெலிபோனில் தானே சொல்வார். எல்லாரும் ஜின்னிங் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். இந்தத் தடவை சேதியில் மச்சான் என்ற சொல்லும் இல்லை, பங்காளி என்ற சொல்லும் இல்லை. வெறும் "அங்கப்ப கவுண்டருக்கு" என்று இருந்தது. கண்டக்டரைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டார்கள். அதிலிருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனார்கள். அங்கப்பன் முன்னால், சென்னியம்மாள் கொஞ்சம் பின்னால், ராசாத்தாள் அம்மாவுக்குப் பக்கத்தில். வேங்கடசாமி நாயுடு அவர்களை ஆபீசுக்குள் உட்கார வைத்தார். நாற்காலி ஒன்றுதான், யாரும் உட்காரவில்லை. வெளியே பருத்தி வண்டிகள் வந்து எடை மேடையில் தகராறு ஆகவே, டெலிபோன் வந்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது.

அங்கப்பன் பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். மேலே படாமல் கை நின்றது. திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். பல நாளாக அவர் அவளை நேராகப் பார்த்திருக்கவில்லை.

"அங்க என்ன சொல்லியிருந்தா உனக்கு நல்லது?" என்று கேட்டார். அம்மணி என்ற சொல் அதில் இல்லை.

சென்னியம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"பங்காளின்னு சொல்லியிருந்தா மக நமக்கு இருப்பாளுங்க. இல்லேன்னு சொல்லியிருந்தா நீங்க எனக்கு இருப்பீங்க. எதையின்னு நான் கேக்கட்டுங்க?"

அங்கப்பன் டெலிபோனைப் பார்த்தார். அது மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எடுத்தால்தானே சொல்லுவான் என்று அவர் முணுமுணுத்தது மகளுக்கும் கேட்டது. கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

எடை மேடையிலிருந்து வேங்கடசாமி நாயுடு, மணி அடிக்குதுங்க, எடுங்க, எடுங்க என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார். ராசாத்தாள் போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். நாயுடு வெளியே கதவைத் தட்டினார். உள்ளே மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லையாம். மணி மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.